பழுதும் பழியும்

பொய் சொல்லுதல் குற்றம் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும் எல்லாப் பொய்களும் ஒரே எடையுள்ளவை அல்ல. கேட்பவன் தானே சரிபார்த்துக் கொள்ளக்கூடிய பொய் ஒருவகை. அவனால் எவ்வாற்றானும் சரிபார்க்க முடியாத பொய் மற்றொரு வகை. பழைய மீனைப் புதிய மீன் என்று சந்தையிலே ஒருவர் விற்றால், செவுளை விரித்துப் பார்க்க நமக்குக் கண் இருக்கிறது. வாகனத்தின் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, “பிரேக் தேய்ந்து விட்டது, மாற்றாவிட்டால் உயிருக்கு ஆபத்து” என்று ஒருவர் சொல்லும்போது நம்மிடம் இருப்பது என்ன? அச்சம் ஒன்றே இருக்கிறது. அந்த அச்சத்துக்கு விலை குறிக்கும் உரிமை எவருக்கு உண்டு? இதுவே நாம் ஆராய விரும்பும் கேள்வி.

இது நகரத்துச் செல்வர்களின் கவலை என்று எண்ணுவோர் பனிச்சங்கேணிக்கு ஒருமுறை வரவேண்டும். மட்டக்களப்பிலிருந்து வாகரை வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் பெருவீதியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஊர் இது. நீண்ட போரையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட கரை. இரவெல்லாம் வாவியிலே பிடித்த மீனும் இறாலும் நண்டும் வெயில் ஏறுமுன் வாழைச்சேனைக்குப் போய்ச் சேரவேண்டும். சுமந்து செல்வது மோட்டார் சைக்கிள். பின்புறத்திலே கட்டிய மீன்பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர் அதன் சங்கிலியையும் பிரேக் கம்பியையும் நாள்தோறும் அரித்துக்கொண்டிருக்கிறது. பெட்டியை இறக்கியதும், அதே வண்டியில் காலை ஏழரை மணிக்குள் இரண்டு பிள்ளைகள் பாடசாலைக்கு வந்து சேர்கிறார்கள்.

அந்த வண்டி பெரும்பாலும் லீசிங் வண்டி. தவணை முழுவதும் கட்டி முடிக்கும் வரை அதன் மீது இறுதி உரிமை நிதிக் கம்பனிக்கே. உத்தரவாதம் செல்லுபடியாக வேண்டுமென்றால், விற்ற நிறுவனம் காட்டும் இடத்திலேயே சர்வீஸ் செய்யவேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அதற்காக நகரத்துக்குச் செல்லும் நாளில் தொழில் இல்லை. நம் மாணவன் ஒருவனுடைய தந்தை இவ்வாறு சென்றார். சாதாரண சர்வீசுக்கென்று விட்ட வண்டிக்குச் சங்கிலித் தொகுதி, பிரேக் சூ, கம்பிகள் என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் நீட்டப்பட்டது. ஒரு மாதத் தவணைக்குச் சமமான தொகையை அவர் கடன்பட்டுச் செலுத்தினார். பழைய பாகங்களைக் கேட்டபோது, “எறிந்துவிட்டோம்” என்றார்கள். சில நாட்களின் பின் ஊர் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். சங்கிலி புதியது. பிரேக் சூ பழையது. தேய்ந்து தகட்டோடு ஒட்டிக் கிடந்தது.

இங்கே இரண்டு குற்றங்கள் ஒருசேர நிற்பதைக் காண்கிறோம். செய்யாத வேலைக்குப் பணம் பெற்றது ஒன்று. அபாயமான வண்டியைப் பத்திரமானது என்று சொல்லி அனுப்பியது மற்றொன்று. முதலாவது ஒரு குடும்பத்தின் பணத்தைத் தின்றது. இரண்டாவதோ, பாலத்தருகே வீதியைக் கடக்கும் முன்பின் அறியாத ஒரு பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்தது. இல்லாத பழுதை உண்டென்பதும் உள்ள பழுதை இல்லையென்பதும் எதிரெதிரானவை போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. பழுதைக் கண்டு சொல்ல வேண்டியவரின் வருமானம், அவர் என்ன சொல்கிறார் என்பதிலேயே தங்கியிருக்கிறது.

இதைச் சில தீய மனிதரின் செயல் என்று தள்ளிவிட உலக அனுபவம் இடந்தரவில்லை. 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அதிகாரிகள், புகழ்பெற்ற சியர்ஸ் நிறுவனத்தின் வாகனத் திருத்த நிலையங்களுக்கு வாடிக்கையாளர் போலச் சென்று சோதித்தார்கள். தேவையற்ற திருத்தங்கள் பல தலையில் கட்டப்பட்டமை தெரியவந்தது. காரணம் தேடியபோது, ஊதிய முறை மாற்றப்பட்டிருந்தது வெளிப்பட்டது. நிலையான கூலி குறைக்கப்பட்டு, விற்ற பாகத்துக்கும் செய்த வேலைக்கும் ஏற்பத் தரகு வழங்கப்பட்டது. இத்தனை பாகங்கள் விற்கவேண்டும் என்று இலக்கும் விதிக்கப்பட்டது. வழக்கு எழுந்ததும், ஆலோசகருக்குத் தரகு கொடுக்கும் முறையைக் கைவிடுவதாக நிறுவனமே அறிவித்தது. மனிதர் மாறவில்லை, கூலி முறை மாறியது, அத்தோடு உண்மையும் மாறியது.

நம் நாட்டு வீதிகளில் ஓடும் வான்களிலும் கார்களிலும் பெரும்பகுதி யப்பானிலிருந்து பழைய வண்டிகளாக வந்தவை. ஆகவே யப்பானில் நடந்ததும் நமக்கு அந்நியமன்று. அங்கே புதிய கார் மூன்று ஆண்டுகளிலும், பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் கட்டாயப் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும். அனுமதி பெற்ற தனியார் பட்டறைகளும் அரசின் சார்பில் இச்சோதனையைச் செய்கின்றன. 2021ஆம் ஆண்டு யூலையில், டோக்கியோவின் தக்கனாவா பகுதியிலுள்ள லெக்சஸ் விற்பனை நிலையம் 565 வண்டிகளுக்கு முறைகேடாகச் சோதனை செய்திருந்தது அம்பலமானது. வண்டிகள் குவிந்தன, நேரம் போதவில்லை. அளவைகள் திருத்தி எழுதப்பட்டன. 2023ஆம் ஆண்டில், பழைய வாகன வணிகத்தில் முன்னணியில் நின்ற பிக்மோட்டர் நிறுவனத்தின் செயல் வெளிவந்தபோது யப்பானிய மக்கள் திகைத்தனர். காப்புறுதிப் பணத்தைக் கூட்டுவதற்காக, திருத்தவந்த கார்களைத் திருப்புளியால் கீறியும், காலுறைக்குள் கொல்ஃப் பந்தை இட்டு அடித்தும் ஊழியர்கள் சேதப்படுத்தியிருந்தார்கள். வண்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 140,000 யென் வருவாய் என்ற இலக்கு அவர்கள் தலைமேல் தொங்கியது. தலைவர் பதவி விலகினார். போக்குவரத்து அமைச்சு அந்நிறுவனத்தின் பல பட்டறைகள் மீது நடவடிக்கை எடுத்தது. பழுது காண்பதற்காக வைத்த ஆளே பழுது செய்யும் ஆளாக மாறிய கதை இது.

“விற்பவன் அப்படித்தான் இருப்பான், வாங்குபவன் விழிப்பாக இருக்கவேண்டும்” என்று சிலர் கூறுவர். இது வணிக உலகின் பழைய தத்துவம். ஆனால் விழிப்பு எதன்மேல் நிற்கவேண்டும்? அறிவின்மேல் அன்றோ? காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நேர்மையைப் பட்டினப்பாலை போற்றுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போலக் கருதி வாணிகம் செய்யவேண்டும் என்று குறளின் நடுவுநிலைமை அதிகாரம் அறிவுறுத்துகிறது. அந்த அறத்துக்குச் சின்னமாக நின்றது தராசு. தராசின் முள்ளை விற்பவனும் காண்பான், வாங்குபவனும் காண்பான். இன்றைய திருத்தத் தொழிலில் முள் ஒருவனுடைய மூளைக்குள் மட்டுமே அசைகிறது. 1970ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்கினார். தரத்தை விற்பவன் மட்டுமே அறிந்த சந்தையில் கெட்ட பொருள் நல்ல பொருளைத் துரத்திவிடும் என்பது அவருடைய முடிவு. பின்னர் 2001இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. விழிப்பாயிரு என்று அறியாதவனுக்குச் சொல்வது, கண்கட்டியவனைப் பார்த்து வழிபார்த்து நட என்பதற்கு ஒப்பாகும்.

இனி நம் நாட்டின் சட்டத்தைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், லொறி, பஸ் போன்றவை தகுதிச் சான்றிதழ் பெறவேண்டும். அதை அனுமதி பெற்ற கராஜ்கள் வழங்குகின்றன. 2008ஆம் ஆண்டு முதல் வாகனப் புகைச் சோதனையும் நடைமுறைக்கு வந்தது. புகைச் சான்றும் காப்புறுதியும் இருந்தால் மோட்டார் சைக்கிளுக்கு வருமான அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடும். இந்நாட்டில் பதிவான வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். வீதி விபத்துக்களில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறக்கின்றனர். ஆயினும் அந்த மோட்டார் சைக்கிள் கக்கும் புகையை ஆண்டுதோறும் அளக்கிறோம். அது நிற்குமா என்பதை எவரும் அளப்பதில்லை. நிற்குமா என்று சொல்லும் அதிகாரம், பாகம் விற்பவர் கைக்கே போய்விடுகிறது.

இதற்கு மாற்று வழி உண்டா? உண்டு. 1865ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மான்ஹைம் நகரில், மதுவடிசாலை ஒன்றின் நீராவிக் கொதிகலன் வெடித்தது. மறு ஆண்டு கொதிகலன் உடைமையாளர்களே கூடி, அவற்றைச் சோதிப்பதற்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அத்தகைய சங்கங்களின் வழிவந்தவையே, இன்று ஜேர்மனியில் வாகனங்களைச் சோதிக்கும் ‘ட்டியூஃப்’ நிறுவனங்கள். சோதிக்கும் பொறியியலாளர் பாகம் விற்பதில்லை, திருத்துவதும் இல்லை. வட அயர்லாந்தில் அரசாங்க நிலையங்களே சோதிக்கின்றன; அங்கே ஓர் ஆணிகூட விற்கப்படுவதில்லை. இவற்றிலும் குறைகள் இருக்கலாம். ஆனால் ஒரு கோட்பாடு தெளிவாக நிற்கிறது: பழுதைக் காண்பவர் பழுதால் பிழைக்கக் கூடாது.

இங்கே நாம் நின்று, நமக்குச் சாதகமில்லாத ஒரு கேள்வியையும் எதிர்கொள்ள வேண்டும். பெரிய நிறுவனத்தைக் குறைகூறுவது எளிது. நம் ஊர் மெக்கானிக் செய்வது என்ன? அவர் உறவுக்காரர், பேராசை அற்றவர், கடனுக்கும் வேலை செய்பவர். தேய்ந்த டயரைப் பார்க்கிறார். வந்தவரின் முகத்தையும் பார்க்கிறார். “இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடும், மச்சான்” என்று சொல்லி அனுப்புகிறார். இது இரக்கத்தின் பொய். அந்தப் பொய்யிலே இலாபம் இல்லை, அன்பு உண்டு. ஆனால் மழைநாளில் வழுக்கும் டயர், பொய்க்குக் காரணம் இலாபமா அன்பா என்று கேட்பதில்லை. நகரத்தின் பொய்யைக் கண்டிக்கும் நாம் ஊரின் மௌனத்தை மன்னித்துவிடலாமா? மன்னிக்க முடியாது என்றே எண்ணுகிறோம். பணம் இல்லாதவனுக்கும் உண்மை உரியது. அவனுக்கே அது மிகுதியாக உரியது. கடனுக்கு வேலை செய்வது இரக்கம். அபாயத்தை மறைப்பது, வீதியில் வரும் மூன்றாமவனிடமிருந்து திருடி உறவினனுக்குக் கொடுப்பதாகும்.

எனினும் அந்த மௌனத்தின் காரணத்தை மறந்துவிட்டு மெக்கானிக்கின் மீது மட்டும் பழி சுமத்துவது நீதியாகாது. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் அத்தடை தளர்ந்தபோது இந்நாட்டு வண்டிகள் எல்லாம் ஐந்து ஆண்டு முதிர்ந்திருந்தன. நடுவே 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் ரூபாய் சரிந்தது. இறக்குமதியாகும் உதிரிப்பாகத்தின் விலை ஏறியது. மீனவனின் வருவாய் அந்த வேகத்தில் ஏறவில்லை. இந்நிலையில் மோட்டார் சைக்கிளுக்கும் கட்டாயப் பிரேக் சோதனை வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கினால், அது வறுமைக்கு விதிக்கும் தண்டமாக முடியும். தேறாத வண்டி நின்றால் மீன் சந்தைக்குப் போகாது, அடுப்பும் எரியாது. ஆகவே பாதுகாப்பு என்பது ஒவ்வொருவரும் தத்தம் பணத்தால் வாங்கும் சரக்கு என்ற எண்ணமே மாறவேண்டும். பாலத்தை நாம் தனித்தனியே கட்டிக்கொள்வதில்லை. அதன்மேல் செல்லும் வண்டி நிற்கவேண்டும் என்பதும் பாலத்தைப் போலவே பொதுத் தேவை.

அப்படியானால் செய்யக்கூடியவை யாவை? சோதனையைப் பொது நிறுவனங்களின் கையில் கொடுத்து, விற்பனையிலிருந்து முற்றாகப் பிரிக்கவேண்டும் என்பது அரசிடம் வைக்கவேண்டிய கோரிக்கை. அதுவரையில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் மாதம் ஒருநாள், பாகம் விற்காத ஒரு மெக்கானிக்கை நாட்கூலிக்கு அமர்த்தி, உறுப்பினர்களின் வண்டிகளைப் பார்க்கச் செய்யலாம். பழுது கண்டாலும் காணாவிட்டாலும் அவருக்குக் கூலி ஒன்றே. பிரேக்குக்கும் டயருக்கும் மட்டும் சங்கம் சிறுகடன் வழங்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அதிகார சபையிடம் முறையிடும் உரிமை நமக்கு உண்டு. கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது வணிகரின் கடமை. வேலை தொடங்குமுன் மதிப்பீட்டைத் தமிழில் எழுதித் தருமாறும், கழற்றிய பழைய பாகங்களைக் கையில் ஒப்படைக்குமாறும் கேட்பது முரட்டுத்தனம் அன்று. ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள்; ஊரே கேட்டால் கொடுப்பார்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. உராய்வு என்பது விஞ்ஞானப் பாடநூலில் வரும் ஒரு சொல் மட்டுமா? தேய்ந்த பிரேக் சூவையும் புதிய பிரேக் சூவையும் வகுப்பறை மேசையில் அருகருகே வைத்தால், பத்து நிமிடத்தில் அந்தச் சொல்லுக்கு உயிர் வந்துவிடும். மாலையில் வீடுசெல்லும் மாணவி தந்தையின் வண்டியருகே குந்தியிருந்து பார்ப்பாள். மறுமுறை நீட்டப்படும் பட்டியலைத் தந்தைக்கு வாசித்துக் காட்டுவாள். அறிந்தவர் தொகை பெருகப் பெருக, அறியாமையை விற்றுப் பிழைக்கும் சந்தை சுருங்கும். வாகனத்தின் பழுதை மெக்கானிக் திருத்தட்டும். தராசின் முள்ளை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வெளியே கொண்டுவந்து வைக்கும் வேலை நம்முடையது.