மலையிறங்கும் பெருமாள்

பத்ரிநாத்தில் நவம்பர் மாதம் நடை சாத்திய மறுநாள் காலை, உற்சவர் பல்லக்கில் ஏறி மலையிறங்குகிறார். அன்றைக்குள் அவர் சேரவேண்டிய ஊர் பாண்டுகேசுவரம். கோயில் இருப்பது சுமார் 3,100 மீட்டர் உயரத்தில். பாண்டுகேசுவரமோ 1,900 மீட்டரை ஒட்டியது. இடையில் இருபது கி.மீ.க்குச் சற்று அதிகமான வழி, அலக்நந்தா ஆற்றை விட்டு விலகாமல் இறங்குகிறது. வைணவ மரபில் பத்ரிநாத்தே வதரியாச்சிராமம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த திவ்யதேசம்.

பயணத்துக்கு முந்தைய நாளின் சடங்குகள் ஒரு வீட்டின் உறவுமுறைகளைப் போலவே நடக்கின்றன. மூலவர் கருஞ்சாளக்கிராமத் திருமேனி, பத்மாசனத்தில் தவக்கோலம். கோடை முழுவதும் அவருடன் கருவறையில் உற்சவராக உத்தவரும், குபேரரும் எழுந்தருளியிருக்கிறார்கள்; தாயார் தனிச் சந்நிதியில். நடை சாத்தும் நாளில் தாயாரைப் பெருமாளின் பக்கத்தில் ஏளப்பண்ண வேண்டும். ஆனால் உத்தவர் கண்ணனுக்கு மூத்தவர், தாயாருக்கு மூத்தார் முறை. அவர் இருக்கும் இடத்தில் தாயார் வந்து அமர்வது முறையல்ல என்பதால் முதலில் அவர் வெளியே எழுந்தருளுகிறார். கேரள நம்பூதிரி குலத்தவரான ராவல் என்னும் தலைமை அர்ச்சகர், தாயாரின் தோழியாகப் பெண்வேடம் பூண்டு அவரை உள்ளே கொண்டு சேர்க்கிறார். மானா கிராமத்துப் பெண்கள் நெய்த கம்பளி, நெய்யில் தோய்த்துப் பெருமாளுக்குப் போர்த்தப்படுகிறது. அகண்ட தீபம் ஏற்றிக் கதவை மூடுகிறார்கள். இனி ஆறு மாதம் நாரதரும் தேவர்களும் பூசை செய்வதாக நம்பிக்கை.

மறுநாள் உத்தவர், குபேரர், கருடர் ஆகியோரின் திருமேனிகளோடு ஆதிசங்கரரின் கத்தியும் புறப்படுகிறது. கத்தி என்பது அவருடைய பீடம். ராணுவ இசைக்குழு வாசிக்க, ஊர்மக்கள் உடன் வர, ஊர்வலம் தேவதர்சினி வளைவைக் கடக்கிறது. மேலேறி வருபவர்க்குக் கோயில் முதன்முதலாகக் கண்ணில் படும் இடம் அது. இறங்குபவர்க்குக் கடைசியாகத் தெரியும் இடம். அடுத்து அனுமன் சட்டி. வழியில் கிடந்த கிழக்குரங்கின் வாலை அசைக்க முடியாமல் பீமன் செருக்கு அடங்கிய இடமாகப் போற்றப்படுவது. அதற்குக் கீழே லாம்பகட், பிறகு பாண்டுகேசுவரம்.

சட்டி என்பது பழைய நடைவழியின் தங்குமிடம். 1962 சீனப் போருக்குப் பின் மோட்டார் சாலை வரும்வரை, யாத்திரிகர் இவ்வழியே நடந்துதான் வந்தனர். சட்டிக் கடைக்காரரிடம் அரிசியும் மாவும் வாங்கினால் சமைக்கப் பாத்திரமும் படுக்க இடமும் கிடைக்கும். இன்று அவற்றில் பலவற்றுக்குப் பெயர் மட்டுமே மிச்சம்.

பாண்டுகேசுவரத்தில் உத்தவரும் குபேரரும் குளிர்காலம் முழுவதும் தங்குகின்றனர். அங்குள்ள யோகத்யான பத்ரி கோயில் பழமையான கற்கோயில்; பாண்டு மன்னன் தவம் செய்த தலம் என்பது ஐதீகம். 9-ஆம் நூற்றாண்டின் கத்யூரி மன்னர் லலிதசூரதேவரின் செப்பேடுகள் இவ்வூருக்குப் பெருமை சேர்க்கின்றன. கருடரும் கத்தியும் அங்கிருந்து கிளம்பி ஜோஷிமடத்து நரசிம்மர் கோயிலை அடைகின்றனர். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி அதுவே என்பர்.

இந்த ஒரு நாள் வழி பெருமாளுக்கு மட்டும் உரியதன்று. கோயிலை அடுத்த பாமணியில் கோடையைக் கழிப்பவர்கள், குளிருக்குப் பாண்டுகேசுவரம் வருகிறார்கள். மானாவின் போட்டியா மக்களும் ஆடுமாடுகளுடன் தாழ்வான ஊர்களுக்கு இறங்குகிறார்கள். குடிகள் பனிக்கு ஒதுங்கும்போது இறைவனும் அவர்களோடு ஒதுங்குகிறான். ஆசாரியர்கள் சௌலப்யம் என்று எத்தனையோ உரைகளில் விளக்கிய குணம், இம்மலையில் கண்ணெதிரே நடந்து வருகிறது. திருமங்கையாழ்வாரின் வதரிப் பதிகம் ஒன்று, முதுமை வந்து கோலூன்றி, இருமி, நடை தளர்வதற்கு முன்பே அத்தலத்தை வணங்கிவிடத் தூண்டுகிறது. அவசரம் அடியவனுக்கு உரியது. ஏற முடியாதவரிடம் தானே இறங்கி வருவது பெருமாளுக்கு உரியது.

அந்த ஆழ்வாரின் பெரிய திருமொழியில் வரும் தலவரிசையும் ஓர் இறக்கமே. திருப்பிரிதியில் தொடங்கி வதரி, சாளக்கிராமம், நைமிசாரணியம், சிங்கவேள்குன்றம், திருவேங்கடம் என்று தெற்கே வந்து, இரண்டாம் பத்தில் கடல்மல்லை என்னும் மாமல்லபுரத்தையும் திருவிடவெந்தையையும் அடைகிறது. கடல்மல்லையின் தலவரலாறும் இறங்கி வந்த கதைதான். திருப்பாற்கடலில் பள்ளிகொண்டவனின் திருவடியில் தாமரையைச் சேர்க்க விரும்பிய புண்டரீக மகரிஷி, கடலையே கையால் இறைக்கத் தொடங்கினார். முதியவராக வந்த பெருமாள் பசிக்கு அன்னம் கேட்டு அவரை அனுப்பிவிட்டு, அவர் திரும்புவதற்குள் பாம்பணையும் இன்றி வெறுந்தரையில் பள்ளிகொண்டான். அதனால் தலசயனம். உற்சவர் உலகுய்ய நின்றான் கையில் இன்றும் தாமரை மொட்டு இருக்கிறது.

அக்கோயிலுக்கு அருகிலுள்ள 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் பாறைச் சிற்பத்தில் இமயமே செதுக்கப்பட்டிருக்கிறது. பாறையின் நடுப்பிளவு கங்கை. அதன் கரையில் குளித்தெழுந்த ஒருவர் ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிறார்; இன்னொருவர் தோளில் நீர்க்குடம். பக்கத்தில் சிறு கோயில், உள்ளே நின்ற திருக்கோலத்தில் திருமால், வெளியே தலைகுனிந்து தவமிருக்கும் முனிவர். இப்பகுதியை நரநாராயணர் தவம் செய்த பதரிகாசிரமமாகக் காணும் ஆய்வாளர்களும் உண்டு. 8-ஆம் நூற்றாண்டினரான திருமங்கையாழ்வார் கடல்மல்லைக்கு வந்தபோது அச்சிற்பம் அங்கே இருந்தது.

ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ இதே வழி ஏறுமுகமாகிறது. நரேந்திரநகர் அரண்மனையில் டெஹ்ரி அரச குடும்பத்துப் பெண்கள் பிழிந்த எள்ளெண்ணெய், காடு கடா என்னும் குடத்தில் திம்மர் ஊரின் திம்ரி அர்ச்சகர்கள் வழியாக ஜோஷிமடம் வருகிறது. பெருமாளின் தினசரித் திருமஞ்சனத்துக்கு அதுவே எண்ணெய். குடமும் கத்தியும் பாண்டுகேசுவரம் வந்து, உத்தவரையும் குபேரரையும் சேர்த்துக்கொண்டு ஒரு நாளில் மேலேறுகின்றன. கதவு திறந்ததும் பலரும் ஆவலுடன் பார்ப்பது எரியும் தீபத்தையும் நெய்க் கம்பளியையும். நெய் உலராமல் இருந்தால் அவ்வாண்டு நாடு செழிக்கும் என்பது அவ்வூரார் நம்பிக்கை. பிறகு கம்பளி இழை இழையாகப் பிரிக்கப்பட்டு, வந்தவர்களுக்குப் பிரசாதமாக வழங்கப்படுகிறது.