பாட்டன் பெயரும் செல்லப்பெயரும்

மறைந்த பாட்டனின் பெயரைப் பேரக்குழந்தைக்கு இடும் வழக்கம் தமிழகத்தில் மிகத் தொன்மையானது. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியிலேயே, சிறுதேர் உருட்டித் தளர்நடை பயிலும் புதல்வன் தன் தந்தையைப் பெற்றவரின் பெயரைத் தாங்கியவனாகச் சுட்டப்படுகிறான். வடமொழி மரபிலும், பிறந்து பத்து நாள் கழிந்தபின் இடப்படும் பெயர் மூன்று தலைமுறை முன்னோரைத் தழுவியதாக இருத்தல் வேண்டும் என்னும் வேள்வி நூலாரின் விதியைப் பதஞ்சலி தம் மகாபாஷியத்தில் எடுத்துக்காட்டுகிறார். ஆயினும் பெயரோடு பாட்டனும் திரும்புகிறாரா என்று கேட்டால், மரபு ஒரே குரலில் விடை சொல்வதில்லை.

தொட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் ‘தாத்தாவே வந்து பிறந்திருக்கிறார்’ என்று மனமாரச் சொல்கிறார்கள். வினைக்கொள்கையோ, ஓர் உயிர் தன் வினைக்கு ஏற்ற உடலை எடுக்கும் என்று கூறுகிறதே அன்றி, விட்டுச் சென்ற வீட்டிலேயே வந்து பிறக்கும் என்று உறுதி தருவதில்லை. மேலும், தொட்டிலில் கிடப்பவர் தாத்தாவே என்றால், ஆண்டுதோறும் அவர் இறந்த திதியில் பிண்டம், அதாவது பிதிரர்க்குப் படைக்கும் சோற்றுருண்டை, யாருக்கு இடப்படுகிறது? அந்தச் சடங்கில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகிய மூவரின் பெயர்களும் வரிசையாகச் சொல்லப்படும். பாட்டன் பெயரே பேரனுக்கும் வழங்கும் குடும்பத்தில், எள்ளும் நீரும் இறைத்துக்கொண்டிருப்பவன் இரண்டாம் இடத்தில் தன் பெயரையே, பெறுபவரின் பெயராகச் சொல்ல நேர்கிறது. கொடுப்பவனும் பெறுபவரும் ஒரே பெயரினராய், ஆனால் இருவராகவே, அங்கு நிற்கின்றனர். பெயர் திரும்புகிறது, ஆள் திரும்புவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் தத்துவ நூலும் காட்டிவிட முடியாது.

இவ்வழக்கத்தின் மீது மிகக் கடுமையான தடையை எழுப்பியவர் பெரியாழ்வார். காசுக்கும் கூறைக்கும் ஆசைப்பட்டு மனிதர் பெயரைப் பிள்ளைக்கு இடுவோரை அவர் தம் திருமொழியின் நான்காம் பத்தில் கடிந்து, திருமாலின் பெயரை இடுமாறு வலியுறுத்துகிறார். மனிதப் பெயர் மறுமைக்கு உதவாது என்பது அவர் துணிபு. தாத்தாவின் பெயரே நாராயணன் என்றிருந்தால் சிக்கல் தீர்ந்ததுபோல் தோன்றும். ஆனால் பெயரிட்டவர் நெஞ்சில் இருந்தது பெருமாளா, பெரியவரா என்ற கேள்வி அப்போதும் எஞ்சுகிறது. பாகவதத்தின் ஆறாம் கந்தத்தில் வரும் அசாமிளன் கதை இதற்கு விடையாகிறது. சாகும் தறுவாயில் அவன் கூவி அழைத்தது தன் கடைசி மகன் நாராயணனையே. வந்து நின்றவர்களோ விஷ்ணு தூதர்கள். அழைப்பவரின் எண்ணத்தையும் கடந்து, பெயர் தனக்கு உரியவரைச் சென்று சேரும் என்பதே அக்கதையின் உட்கோள்.

வீட்டுப் பெண்கள் இந்த உண்மையை நூல் துணையின்றியே அறிந்திருந்தனர். மாமனார் பெயரை வாயால் சொல்லாத மருமகள், அதே பெயரைத் தாங்கிய தன் மகனைப் ‘பால் குடிக்க வாடா’ என்று எப்படி அழைப்பாள்? அடம் பிடிக்கும்போது எப்படி அதட்டுவாள்? எனவே பெயர் சூட்டிய அன்றே ஐயா, ராசா, அப்பு, சின்னவர் என்று ஒரு செல்லப்பெயர் பிறந்துவிடும். பாட்டி பெயர் பெற்ற பெண் குழந்தை ஆத்தா ஆகவோ தாயி ஆகவோ வளர்வாள். பிறந்த நட்சத்திரத்தை ஒட்டிய பெயர் ஒன்றை மறைவாகக் காக்கச் சொல்லும் ஆபஸ்தம்ப கிருஹ்ய சூத்திரமும், அதாவது இல்லறச் சடங்குகளை வகுக்கும் பழைய விதிநூலும், ஒருவருக்கு ஒரே பெயர் போதாது என்பதை உணர்ந்திருந்தது.

செல்லப்பெயரை வெறும் கொஞ்சலாகக் கருதுவது பிழை. பெரியவரின் பெயர் வசவில் அடிபடாமல் காப்பதோடு, குழந்தைக்குத் தனக்கென ஓர் இடத்தையும் அது தருகிறது. அந்த இடத்தைப் பறிப்பவர்கள், ‘தாத்தாவுக்கு உள்ள கோபம் அப்படியே வந்திருக்கிறது’ என்று ஓயாமல் ஒப்பிடும் உறவினர்களே. இறந்தவரை நினைக்கும் கடன் பெயரிட்டவர்களுடையது, அதைப் பேரன் தன் குணத்தால் அடைக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் கேட்கவில்லை.