எறிந்த கையும் எடுக்கும் கையும்

“நான் ஒருவன் துணிப்பை எடுத்துச் சென்றால் உலகம் திருந்திவிடுமா, சார்?”

ஏழாம் வகுப்பில் சுற்றுப்புறம் காப்பது பற்றி நாம் பாடம் நடத்தியபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுப்பிய வினா இது. வகுப்பு சிரித்தது. நம்மால் சிரிக்க இயலவில்லை. விடை கூறவும் இயலவில்லை. கேலிக்குக் கேட்டானோ, கருத்தறியக் கேட்டானோ, கேள்வி கூரியது!

விடை மறுநாள் விடியலில் நம் வீட்டு வாயிலிலேயே வந்து நின்றது. தூய்மைப் பணியாளர் அம்மையார் ஒருவர், நாம் வைத்திருந்த நெகிழிப் பையைப் பிரித்தார். சுருக்கென்று கையை இழுத்தார். விரலில் குருதி! எஞ்சிய சோற்றோடு சோறாக, முதல் நாள் நாம் முகம் மழித்து எறிந்த பிளேடு. பதறிப்போய் நின்றோம். அவரோ, “பழகிப்போச்சுங்க, சார்” என்று கூறி, அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

பழகிப்போச்சு! அந்த ஒரு சொல்லில் நம் சமுதாயத்தின் மீதான குற்றச்சாட்டு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. எறிவதற்கு ஒரு கூட்டம், எடுப்பதற்கு ஒரு கூட்டம் என்று இந்த நாடு நெடுங்காலமாக வகுத்து வைத்திருக்கிறதே, யார் வகுத்தது? எடுப்பவர் எந்தச் சேரியிலிருந்து வருகிறார் என்று எறிபவர் எண்ணிப் பார்த்ததுண்டா? 2016ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, தீங்கு தரும் குப்பை என மூன்றாகப் பிரித்துத் தரும் கடமையை எறிபவர் மீதே சுமத்தின. ஏடறிந்த நாமே அதை மறந்தோம். பட்டம் பெற்றோம், பண்பு பெற்றோமா?

“குப்பையைத் தூர எறிந்தோம்” என்கிறோம். எது தூரம்? சென்னையின் குப்பை கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாய்க் குவிந்தது. நமக்கு அது தூரம். அங்கே வாழ்வோருக்கு அது வாசல்! 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்தபோது, நாள் கணக்கில் நச்சுப் புகையை உண்டவர்கள் அந்த வட்டாரத்து மக்கள். பறவைகள் வந்து தங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மடியிலன்றோ அந்த மேடு எழுந்தது!

“ஆலைகளை விட்டுவிட்டு ஏழை எளியவனிடம் வந்து பையைத் தூக்கு என்கிறீரே?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1950 முதல் 2015 வரை உலகில் கழிவாகிப்போன நெகிழி ஏறத்தாழ 630 கோடி டன். அதில் மறுசுழற்சி கண்டது நூற்றுக்கு ஒன்பது பங்கே என ஆய்வாளர் கணக்கிட்டனர். இத்துணைப் பெரும் வெள்ளத்தைத் துணிப்பை கொண்டு தடுத்துவிட முடியாது. செய்து குவிப்பவனைச் சட்டத்தால் கட்டத்தான் வேண்டும். ஆனால் சட்டம் மட்டும் நடந்துவிடுமா? ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாளிலேயே தடை வந்தது. பிறகும் கடையில், “ஒரு கவர் கொடுங்கள்” என்று கை நீட்டியவர் யார்? நாம்தாம்!

சட்டமும் பழக்கமும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரி சான்று. காட்டில் எறியப்பட்ட மதுப்புட்டிகளின் சில்லுகள் யானைகளின் கால்களைக் கிழித்தன. உயர்நீதிமன்றம் தலையிட்டது. 2022இல் புட்டி ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப்புட்டியைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் முறை வந்தது. பெரும்பாலான புட்டிகள் திரும்பி வந்தன. குடித்தவரும் திருப்பித் தரக் கற்றார். படித்தவர் கற்க முடியாதா?

மஞ்சள் பையோடு வந்தவரைப் பட்டிக்காட்டான் என்று நகைத்த காலம் ஒன்று இருந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசே தொடங்க வேண்டியதாயிற்று. பை சுமப்பதிலா இழிவு? நாம் பத்து நிமிடம் சுமக்க மறுத்ததைப் பல தலைமுறைகள் சுமக்கட்டும் என்று விட்டுச் செல்வதன்றோ இழிவு!

மறுநாள் வகுப்பில் அந்தச் சிறுவனிடம் கூறினோம்: “தம்பி, நீ ஒருவன் மாறினால் உலகம் திருந்திவிடும் என்று உறுதி கூற எம்மால் இயலாது. ஆனால் நாளைக் காலை உன் குப்பையைத் தொடும் கையில் குருதி வழியாது. அது உறுதி. உலகத்தைத் திருத்தும் வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.”

இப்போது நம் வீட்டு வாயிலில் மூன்று கூடைகள் இருக்கின்றன. பிளேடு தடித்த தாளில் சுற்றப்பட்டு, அடையாளமிட்டுத் தனியே செல்கிறது. சிறு செயல்தான். ஆயினும் அந்த அம்மையாரின் முகத்தை நேர்நின்று பார்க்கும் தகுதியை அந்தச் சிறு செயல்தான் நமக்குத் தந்தது.