அட்டபந்தனமும் எங்கும் நிறைந்த பொருளும்

எங்கும் நிறைந்த இறைவனை ஒரு பீடத்தின்மேல் அசையாது நிறுத்துவதற்கு மருந்து சாத்த வேண்டுவது ஏன் என்னும் வினா, சிவனை வெளியாகவே வழிபடும் சிதம்பரத்தைத் தன்னகத்தே கொண்ட கடலூர் மாவட்டத்தில் தனிக் கூர்மை பெறுகின்றது. தில்லைச் சிற்சபையில் நடராசர் உருவமாகவும், படிகலிங்கம் அருவுருவமாகவும், திரைக்குப் பின்னே பொன்வில்வ மாலை தொங்கும் வெளி அருவமாகவும் போற்றப்படுகின்றன. இவற்றுள் வெளியை எதனோடும் பிணைக்க இயலாது. எனினும் அதே கோயிலின் திருமூலட்டானத்திலும், கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் சந்நிதியிலும் மூலவர் இலிங்கத் திருமேனியாகவே எழுந்தருளியிருக்கின்றார்.

இலிங்கத்தையும் அதனைத் தாங்கும் ஆவுடையார் எனப்படும் பீடத்தையும் சிற்பி எவ்வளவு நுட்பமாகப் பொருத்தினாலும் இரண்டுக்கும் இடையே மெல்லிய சந்து எஞ்சும். நாள்தோறும் ஆட்டப்பெறும் பாலும் தயிரும் தேனும் நீரும் அச்சந்தின் வழியே இறங்கினால், அடியில் பதித்த யந்திரத் தகடும் மணிகளும் பழுதுறும். திருமேனியும் காலப்போக்கில் அசையத் தொடங்கும். ஆகவே சந்தினை அடைத்து, திருமஞ்சன நீர் முழுவதும் கோமுகி என்னும் வாய் வழியே வெளியேறுமாறு செய்வது அட்டபந்தன மருந்தின் பணியாகும். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் அதன் சரக்குகளாகப் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. அரக்கும் குங்கிலியமும் ஒட்டும் தன்மையையும், கல்தூளும் காவியும் திண்மையையும், மெழுகும் வெண்ணெயும் இளக்கத்தையும் தருகின்றன. இவற்றை ஒன்றாகச் சேர்த்து இடிக்க இடிக்கக் கலவை இளகி, திரித்துச் சாத்துவதற்கு ஏற்ற பதம் அடைந்து, சாத்திய பின்னர் நாளடைவில் இறுகுகின்றது.

வீட்டுக் குளியலறையிலும் இதே இயல்பைக் காணலாம். டைல்ஸ் பதித்த சுவரும் தரையும் கூடும் மூலையிலும், கழுவுதொட்டி சுவரைத் தொடும் விளிம்பிலும் இரு பகுதிகளும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், அங்கே பூசிய சிமெண்டு வெடித்துவிடுகின்றது. நெகிழ்ந்து கொடுக்கும் சிலிக்கோன் தாக்குப்பிடிக்கின்றது. அதுவும் பழைய பூச்சை முற்றச் சுரண்டி, இடத்தை நன்கு உலரவிட்டு, இடையறாத ஒரே கோடாக இட்டாலன்றி நிலைப்பதில்லை. கோயிலிலும் பழைய மருந்தை அகற்றிய பின்னரே புதியது சாத்தப்படுகின்றது.

இனி, நிறைந்த பொருளுக்கு இப்பிணிப்பு எதற்கு? திருப்பெண்ணாகடத்தில் தோன்றியவராகப் போற்றப்படும் மெய்கண்டார், சிவஞானபோதத்தின் 12ஆம் நூற்பாவில், அடியார் திருவேடத்தையும் கோயிலையும் சிவனெனவே வழிபடுமாறு வகுத்தார். இறைவன் எங்கும் உளனாயினும், பிற இடங்களில் பாலில் நெய்போல் மறைந்தும், இவ்விடங்களில் தயிரில் நெய்போல் விளங்கியும் நிற்கின்றான் என்பது அதன் விளக்கம். இதன்படி வேறுபாடு இறைவனது இருப்பில் இல்லை, விளங்கித் தோன்றுதலிலேயே உள்ளது. ஆகவே மருந்து பிணிப்பது இறைவனை அன்று. உயிர்கள் அவனை நாடி வந்து காண்பதற்குரிய இடத்தையே அது காக்கின்றது.

மற்றொரு நுட்பமும் இங்கு உண்டு. இலிங்கம் சிவமாகவும் ஆவுடையார் சத்தியாகவும் கொள்ளப்படுகின்றன. சிவமும் சத்தியும் பிரிவற்ற ஒரே பொருள் என்பது, சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் உள்ளிட்ட சித்தாந்த ஆசிரியர் அனைவரும் உடன்பட்ட கொள்கையாகும். கொள்கையில் இல்லாத இடைவெளி கல்லில் இருக்கின்றது. அறிவு ஒன்றெனக் கண்டதைக் கையும் ஒன்றாக்குவதே மருந்து சாத்தும் கிரியை. ஞானத்திற்குக் கீழ்ப்படியாகவே வைத்து எண்ணப்படும் கிரியை, ஞானம் கூறிய உண்மைக்குப் பருப்பொருளில் வடிவம் தருகின்றது என்பதை இதனால் உணரலாம்.

ஆனால் அரக்கும் மெழுகும் மாயையின் காரியங்களாதலால் தேய்வன. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைப் புதுப்பிப்பது மரபு. அதற்குமுன் பாலாலயம் அமைத்து, அதாவது மூலவரின் ஆற்றலைத் தற்காலிகமாக வேறொரு வடிவிற்கு மாற்றி, திருப்பணி முடிந்தபின் குடமுழுக்கால் மீட்டும் எழுந்தருளச் செய்வர். இவ்வாறு பழுது நீக்கிச் செய்யும் குடமுழுக்குக்குப் புனராவர்த்தம் என்று பெயர். 12 ஆண்டு என்னும் வரையறை எப்போதும் காக்கப்படுவதில்லை. சிதம்பரத்திலேயே 1987இல் நிகழ்ந்த குடமுழுக்கிற்குப் பின் அடுத்தது 2015 மே 1 அன்றுதான் நடைபெற்றது.

அழியாத ஒன்றை அழியும் பொருளால் போற்ற நேர்ந்தமை வழிபாட்டின் குறையன்று. மருந்து என்றும் அழியாததாயின், முன்னோர் ஒருமுறை செய்ததே போதுமென்று பின்வருவோர் கைகட்டி நிற்பர்; அது தேய்வதனால்தான் ஒவ்வொரு தலைமுறையும் அத்திருப்பணியைத் தன் கையால் மீண்டும் செய்யும் உரிமையைப் பெறுகின்றது. கோபுரக் கலசத்திற்குத் தரும் கவனத்தை ஆவுடையாரின் மயிரிழைப் பிளவிற்கும் தருவதே அவ்வுரிமைக்கு உரிய கடமையாகும்.