ஹரோசெத்: அடிமை வாழ்வின் நினைவில் ஓர் இனிப்பு

எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையின் தொடக்க இரவில் யூத இல்லங்களில் சேதர் என்னும் விருந்து நடக்கிறது. புளிப்பில்லாத அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் அங்கே பழங்களும் கொட்டைப் பருப்புகளும் சேர்த்து அரைத்த ஓர் இனிப்பு விழுதும் வைக்கப்படும். அதன் பெயர் ஹரோசெத். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் செங்கல் அறுக்கக் குழைத்த களிமண்ணுக்கு அது அடையாளம். துயரத்தை நினைவூட்டும் பண்டம் தித்திப்பது ஏன் என்ற கேள்வியை யூத சமய நூல்கள் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளன.

வேதத்தில் ஹரோசெத் இல்லை. யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் பஸ்கா இரவுக்கு விதிக்கும் உணவு மூன்றுதான்: ஆட்டிறைச்சி, புளிப்பில்லாத அப்பம், கசப்பான கீரை. விருந்தின்போது வாசிக்கப்படும் ஹகாதாவும் இந்த மூன்றின் பொருளைச் சொன்னால்தான் கடமை நிறைவேறும் என்கிறது. ஹரோசெத்தின் பெயர் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில், ஒரு கருத்து வேறுபாட்டோடு வருகிறது. அது பந்திக்கு வர வேண்டும், ஆனால் கட்டளை அல்ல என்பது பொதுக் கருத்து. கட்டளையே என்பது ரபி எலியேசர் பார் சாதோக்கின் கருத்து. எருசலேம் வியாபாரிகள் அதற்கான மசாலாப் பொருள்களைக் கட்டளைக்குரியவை என்று கூவி விற்றதை அவர் தரப்புக்குச் சான்றாக, மிஷ்னாவை விரித்து ஆராயும் தல்மூத் குறிப்பிடுகிறது.

கட்டளை இல்லையென்றால் எதற்காக வைக்கிறார்கள்? கசப்புக் கீரையில் உடலுக்கு ஒவ்வாத ஒன்று இருக்கிறது, அதை முறிக்கவே ஹரோசெத் என்பது ரபி அமியின் விளக்கம். இதன்படி அது வெறும் மருந்து. கட்டளை என்று கொள்வோருக்கு அது நினைவுச் சின்னம். எதன் நினைவு என்பதில் மீண்டும் இரு கருத்துகள். களிமண்ணின் நினைவு என்கிறார் ரபி யோகனான். ஆப்பிள் மரத்தின் நினைவு என்கிறார் ரபி லேவி. இஸ்ரவேலரின் ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி எகிப்திய அரசன் பார்வோன் ஆணையிட்ட காலத்தில் இஸ்ரவேல் பெண்கள் வயல்வெளிக்குச் சென்று, ஆப்பிள் மரங்களின் அடியில் பிள்ளை பெற்றார்கள் என்ற மரபுக் கதை இதற்குப் பின்னணி. எருசலேம் தல்மூதில் இரத்தத்தின் நினைவு என்ற கருத்தும் உண்டு.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளும் வழியை மரபு எடுக்கவில்லை. ஆப்பிளை நினைத்துப் புளிப்பாகவும், களிமண்ணை நினைத்துக் கெட்டியாகவும் செய்ய வேண்டும் என்று பாபிலோனிய அறிஞர் அபாயே இரண்டையும் ஒரே விழுதில் சேர்த்தார். 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவின் சட்ட அறிஞர் மோசே இசெர்லெஸ் எழுதிய குறிப்பில் செய்முறையே விளக்கவுரையாகிறது. வேதத்தில் இஸ்ரவேலுக்கு ஒப்புமையாகும் அத்தி, மாதுளை, ஆப்பிள், கொட்டைப் பருப்புகள் ஆகியவற்றை அரைக்க வேண்டும். நார் நாராகத் தெரியும் பட்டையும் இஞ்சியும் செங்கல் மண்ணில் கலந்த வைக்கோலுக்கு அடையாளம். கெட்டியாக அரைத்த விழுதை இறுதியில் வினிகரோ சிவப்புத் திராட்சரசமோ விட்டு இளக்க வேண்டும். அது இரத்தத்தின் நினைவு.

கிடைக்கும் பழத்துக்கு ஏற்ப விழுதும் மாறியது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் ஆப்பிளைத் துருவி, வால்நட்டைப் பொடித்து, பட்டைத்தூளும் திராட்சரசமும் சேர்க்கிறார்கள். துருவிய ஆப்பிள் காற்றுப்பட்டுக் கறுத்துச் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். மத்தியதரைக் கடலோர யூதர்களுக்கு முதன்மையானது பேரீச்சை. ஏமனில் எள்ளும் மிளகும் சேரும். ஈராக் யூதர்கள் பேரீச்சம்பழத்தை வேகவைத்துப் பிழிந்து, பாகாகக் காய்ச்சி, மேலே வால்நட் தூவுவார்கள். பாக்தாத்திலிருந்து மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய யூதர்களோடு இந்தப் பாகும் இந்தியாவுக்கு வந்தது.

எத்தனை இனிப்பானாலும் யூத சமயச் சட்டம் அதற்கு ஓர் எல்லை வகுக்கிறது. கசப்புக் கீரையை ஹரோசெத்தில் தோய்த்தபின், ஒட்டியிருப்பதை உதறிவிட்டே வாயில் இட வேண்டும். கீரையின் கசப்பு மறைந்துவிடக் கூடாது. ஆசிமொழியும் கீரைக்கு மட்டுமே, ஹரோசெத்துக்குத் தனியாகக் கிடையாது. 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் மிஷ்னாவுக்கு எழுதிய உரையில் ரபி எலியேசரின் கருத்தை ஏற்கவில்லை. பின்னர் இயற்றிய சட்டத் தொகுப்பில், களிமண்ணின் நினைவாக அறிஞர்கள் விதித்த கட்டளை என்றே அதைச் சொல்கிறார். அங்கும் அதற்கென ஆசிமொழி விதிக்கவில்லை.

இனிப்பு ஏன் என்ற கேள்விக்கு விடை இந்த விதிகளின் அமைப்பிலேயே இருக்கிறது. இனிப்பு கசப்பை மறைப்பதற்காக வைக்கப்படவில்லை. அப்படியானால் உதறச் சொல்லும் விதிக்கு இடமில்லை. துயரத்தை மட்டும் காட்டுவது நோக்கமென்றால் கீரையே போதும். களிமண் ஒடுக்குமுறையைச் சொல்கிறது. ஆப்பிள் மரம் அதே ஒடுக்குமுறைக்குள் மக்கள் வாழ்வைக் கைவிடாததைச் சொல்கிறது. இரண்டும் ஒரே காலத்து உண்மைகள் என்பதால் இரண்டும் ஒரே விழுதில் நிற்கின்றன.

அடையாளம் போதுமென்றால் சுவையே வேண்டாமே என்று கேட்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862இல், இன்றைய மேற்கு வர்ஜீனியாவில் முகாமிட்டிருந்த ஒஹாயோ படைப்பிரிவின் யூத வீரர்கள் ஹரோசெத்துக்குரிய பொருள்கள் கிடைக்காமல் அதன் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஜே. ஏ. ஜோயல் 1866இல் இதை எழுதியிருக்கிறார். களிமண்ணைக் கண்முன் காட்டச் செங்கல் போதுமானதாயிற்று. ஆனால் ஒவ்வொரு தலைமுறையினரும் தாமே எகிப்திலிருந்து வெளியேறியதாக எண்ண வேண்டும் என்பது சேதரின் அடிப்படை விதி. அதற்காகவே அந்த இரவின் நினைவுகள் உணவாக்கப்பட்டுள்ளன. செங்கல்லில் ஆப்பிள் மரத்துக்கு இடமில்லை, கீரையைத் தோய்க்கவும் வழியில்லை. ஹரோசெத்தில் இரண்டும் உண்டு.