தன்மையில் சொல்லத்தக்க விடை

"அப்பா, எனக்கு மட்டும் ஏன் இப்படி வலிக்கிறது?" என்று என் ஆறு வயது மகள், வீங்கிய கன்னத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நள்ளிரவில் கேட்டபோது, பல ஆண்டுகளாகச் சித்தாந்த நூல்களைப் பயின்றும் பிறர்க்கு விளக்கியும் வந்த எனக்கு, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தக்க விடை ஒன்றும் நாவில் எழவில்லை.

விடை நம் மரபில் இல்லாமலில்லை. சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பகுத்து, அவற்றுள் பிராரப்தத்தை இவ்வுடல் நுகர்ந்தே கழிக்க வேண்டும் என்று ஆன்றோர் வகுத்திருக்கின்றனர். அன்று மாலை வந்திருந்த உறவினர் ஒருவரும், "பூர்வஜன்ம வினை; அனுபவித்துத்தானே தீர வேண்டும்?" என்று பரிவோடுதான் சொன்னார். நான் அக்கொள்கையை மறுப்பவன் அல்லன். ஆயினும், தனக்கு நேர்ந்த துன்பத்தை ஒருவன் கலங்காமல் ஏற்பதற்குப் பெருந்துணையாக நிற்கும் அதே வாக்கியம், அழுதுகொண்டிருக்கும் மற்றோர் உயிரைச் சுட்டிச் சொல்லப்படும் கணத்திலேயே குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. அது தன்மையில் சொல்ல வேண்டிய வாக்கியம், முன்னிலையில் சொல்லலாகாது.

20 பாற்பற்களுள் ஒன்றான கடைவாய்ப் பல்லில் சொத்தை. பல்லின் நடுவே நரம்பும் குருதிக் குழாய்களும் செறிந்த மென்மையான கூழ் இருக்கிறது. அதைச் சுற்றிலும் இறுகிய சுவர். சொத்தை அக்கூழை எட்டி அழற்சி உண்டாகும்போது, வீங்குவதற்கு இடமின்மையால் வலி கடுமையாகிறது. படுத்தாலோ தலைக்குக் குருதியோட்டம் மிகுந்து இன்னும் தெறிக்கிறது. இக்காரணங்களை அறியாத என் தாயார், வெதுவெதுப்பான உப்பு நீரால் குழந்தையைக் கொப்பளிக்கச் செய்து, பஞ்சில் ஒரு சொட்டுக் கிராம்புத் தைலத்தை ஈறு புண்படாதவாறு ஒற்றி, படுக்கவிடாமல் தோளில் சாய்த்து நிமிர்த்தியே வைத்திருந்தார். என் மனைவி பிரசவத்திற்காகப் பிறந்தகம் சென்றிருந்தாள். குழந்தை இடையிடையே "அம்மா" என்று முனகினாள்.

திருச்சிராப்பள்ளியில் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். அம்மலையில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த வரலாற்றை ஊரில் அறியாதார் இல்லை. பேறுகால வேதனையில் தவித்த இரத்தினாவதி என்னும் பெண்ணுக்கு, காவிரி வெள்ளத்தால் தடைப்பட்டு அன்னை வந்துசேர இயலாமற்போகவே, இறைவனே அவ்வன்னையின் வடிவங்கொண்டு வந்து மருத்துவம் பார்த்தான் என்பர். வினைகளையெல்லாம் அறிந்து அவற்றை உயிர்களுக்கு ஊட்டுபவன் என்று சித்தாந்தம் கூறுகின்ற அப்பெருமான், அவள் வினை யாதென்று அவளுக்கு விரித்துரைக்கவில்லை. வந்து, பக்கத்தில் அமர்ந்து, கைகொடுத்தான். முற்றும் அறிந்தவனே வாய்திறவாத இடத்தில், அரைகுறையாய் அறிந்த நாம் பிறர் வலிக்கு வியாக்கியானம் செய்ய முற்படுவது எங்ஙனம் தகும்?

மகளின் வினாவுக்கு நான் அன்றிரவு விடை சொல்லவில்லை. விடிந்ததும் பல் வைத்தியரிடம் போகலாம் என்று மட்டும் சொல்லி, உப்பு நீரை மறுபடி சூடாக்கினேன். விடியலுக்குச் சற்று முன் வலி சிறிது தணிந்திருக்க வேண்டும். மகள் தலையை நிமிர்த்தி, "பாட்டி, உனக்குத் தோள் வலிக்கிறதா?" என்று கேட்டாள்.

"இல்லையடி கண்ணே" என்று சொல்லி, என் தாயார் அவளை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.