பாதம், நாபி, சிரசு

நாகலாபுரம். பங்குனி மாலை.

கேமராக்கள் பைக்குள் போகின்றன. ஜிப் இழுபடும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக.

சன்னிதியில் படம் எடுக்கக் கூடாது. புகைப்படம் பயிலும் மாணவர்கள் வெறுங்கையோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒருவருடைய ஆள்காட்டி விரல் மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறது.

*

வேதநாராயணப் பெருமாள் மேற்கு பார்த்து நிற்கிறார். இடுப்புக்குக் கீழே மீன்.

சோமகாசுரன் கடலில் ஒளித்த வேதங்களை மீட்க நெடுங்காலம் தண்ணீருக்குள் இருந்த உடம்பு. அந்தக் குளிர் போக, வருடத்துக்கு ஒருமுறை சூரியன் உள்ளே வருகிறான் என்கிறது தலபுராணம்.

கோபுர வாசலிலிருந்து கருவறை வரை 600 அடிக்கு மேல்.

முதல் நாள் பாதம். இரண்டாம் நாள் நாபி. மூன்றாம் நாள் சிரசு.

*

ஆறு மணி தாண்டுகிறது. நடுவில் நிற்பவர்கள் தாமாகவே இரு பக்கமும் ஒதுங்குகிறார்கள். வெளிச்சத்துக்கு வழி விடுகிறார்கள்.

பேச்சு நிற்கிறது.

கல் பொன்னிறமாகிறது. கொஞ்ச நேரம். பிறகு மறுபடி கல்.

*

கேமரா முகத்தில்தான் தொடங்குகிறது. இப்போது வருகிற கேமராக்கள் தாமே கண்ணைத் தேடிப் பிடித்து அதன் மேல் ஒரு சின்னச் சதுரம் போட்டுவிடுகின்றன.

இங்கே வெளிச்சம் பாதத்தில் தொடங்குகிறது. மேலே போக அதற்கு அவசரம் இல்லை.

*

கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் நினைவாக எழுப்பிய கோயில். ஊரின் பெயரும் அந்தத் தாயின் பெயர்தான்.

அவள் முகத்தை நான் எந்தச் சிலையிலும் பார்த்ததில்லை. கண்டக்டர் அவள் பெயரைத் தெலுங்கில் கூவுகிறார். ஏறுகிறவர் தமிழில் டிக்கெட் கேட்கிறார்.

*

கோபுரத்துக்கு வெளியே துளசி மாலை கட்டும் ஓர் அம்மா. ஒரு மாணவன் போய்க் குனிந்து கேட்கிறான். ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா.

"இருப்பா."

முந்தானையால் முகத்தைத் துடைக்கிறார். முடியை ஒதுக்குகிறார். எழுந்து நிற்கிறார். சிரிப்பை எடுத்துவிடுகிறார். கை இரண்டும் உடம்போடு ஒட்டியிருக்கின்றன.

அவனுக்கு இது வேண்டாம். அவனுக்குக் கேண்டிட் வேண்டும். கேமராவை இறக்கிக்கொண்டு காத்திருக்கிறான். அவர் உட்காருகிறார். விரல்கள் நாருக்குத் திரும்புகின்றன. இப்போது எடுக்கிறான்.

திரையில் இரண்டு படங்கள். எது அவர் என்று மாணவர்களுக்குள் பேச்சு.

*

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். கல்யாணத் தம்பதிகள். பின்னால் வரைந்த திரை, அதில் மாடிப்படி, தூண், பூஞ்சாடி. ஒருவர் நாற்காலியில். ஒருவர் நின்றபடி. யாரும் சிரிக்கவில்லை.

அந்த விறைப்பைப் பார்த்து மாணவர்கள் புன்னகைக்கிறார்கள்.

அந்த அம்மா எழுந்து நின்றாரே, அதே நிற்பு. உலகத்துக்குக் காட்டத் தானே தேர்ந்துகொண்ட முகம். எடுப்பவனுக்கு ஒரு பாணி இருப்பதுபோல், எடுக்கப்படுகிறவருக்கும் ஒன்று இருக்கிறது. பேசத் தொடங்கினால் எடுப்பவனைப் பற்றித்தான் பேசுகிறோம்.

*

மடிக்கணினிகள் திறக்கின்றன. எல்லாத் திரையிலும் ஒரே பழுப்பு.

ஒரே பிரீசெட்டை எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள். பச்சையை வடித்துப் பழுப்பாக்கும் பிரீசெட். பனிநாட்டுக் காடுகளுக்குப் பொருந்துகிற நிறம்.

முன்பு எடுத்த கல்யாணப் படங்களில் மண்டப வாசலில் கட்டிய வாழைமரம் பழுப்பு. மாவிலைத் தோரணம் பழுப்பு. பந்தியில் இலை பழுப்பு.

ஒரு மாணவி அதை நீக்குகிறாள். பச்சை திரும்ப வருகிறது. கொஞ்சம் அதிகமாகவே கண்ணை உறுத்துகிறது. அவள் அப்படியே வைத்துக்கொள்கிறாள்.

*

வேறொரு நாள். விடியாத நேரம். கல்யாண மண்டபம்.

பெண் வீடு தமிழ். மாப்பிள்ளை வீடு தெலுங்கு. இந்தப் பக்கம் இது வழக்கம்.

மணப்பெண் அறைக்குள் மாணவியை மட்டும் விடுகிறார்கள். பையன்கள் வராந்தாவில் லென்ஸ் துடைக்கிறார்கள்.

புகைப்படக் கலைஞர் ராஜா தீன் தயாள் 1892இல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே ஒரு ஸ்டுடியோ திறந்தார். உள்ளே கேமராவுக்குப் பின்னால் நின்றவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. மூடிய கதவு. அதற்குள் ஒரு வேறு முகம்.

*

அறையில் டியூப் லைட். கனகாம்பரத்தின் ஈரம். ஹேர்பின் கவ்விய உதடுகள்.

பெண்ணின் அத்தை தரையில் உட்கார்ந்து அவள் குதிகாலில் மஞ்சள் பூசுகிறார். பெண் கண்ணாடியைப் பார்க்கிறாள். அத்தை காலைப் பார்க்கிறார்.

மாணவியின் கேமரா தாழ்கிறது. தரைவரை.

ஷட்டர் ஒரே ஒருமுறை.

*

மேடையில் புகை. வீடியோ லைட்டின் சூடு கழுத்தில் படுகிறது.

இருவருக்கும் நடுவே திரை பிடித்திருக்கிறார்கள். வெற்றிலையில் சீரகமும் வெல்லமும் இடித்த விழுது. தெலுங்கு வீட்டாருக்கு முகூர்த்தம் அதுதான். ஒருவர் தலையில் ஒருவர் அதை வைக்கும் அந்த நொடி. பிறகுதான் தாலி.

தமிழ் வீட்டாருக்குத் தாலிதான் முகூர்த்தம். கெட்டிமேளம் வரவேண்டும்.

எந்த நொடிக்குக் காத்திருப்பது என்பது லென்ஸில் எழுதியிருக்காது. யாராவது பெரியவரிடம் முந்தின நாளே கேட்டிருக்க வேண்டும். மாணவன் கேட்டிருக்கிறான். திரை இறங்கும் பக்கமாக, மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நிற்கிறான்.

திரை இறங்குகிறது.

அவள் பார்க்கிறாள்.

*

கெட்டிமேளம். நாகஸ்வரத்தின் ஒலி நெஞ்செலும்பில் அதிர்கிறது. அட்சதை லென்ஸ் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது. செல்போன்கள் உயர்கின்றன. யாரோ ஒருவரின் முழங்கை ஃப்ரேமுக்குள் வருகிறது.

முழங்கை அங்கேயே இருக்கிறது.

"தாலியைப் பிடித்தபடி இன்னொருமுறை" என்கிறது பழகிய ஒரு குரல். மாப்பிள்ளை மறுபடி கையைத் தூக்குகிறார். முடிச்சு ஏற்கெனவே விழுந்தாயிற்று. மாணவி கேமராவை முகத்திலிருந்து எடுக்கிறாள். இதை அவள் எடுப்பதில்லை.

எதை எடுப்பதில்லை என்பது ஆல்பத்தில் தெரியாது.

*

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பல் என்றே எண்ணுகிறது. வெள்ளை வேட்டி ஃப்ரேமை நிறைத்தால் படத்தை இருட்டாக்குகிறது. கறுத்த முகம் நிறைத்தால் வெளுப்பாக்குகிறது.

அதற்கு எந்த எண்ணமும் இல்லை. கணக்கு மட்டும்.

கோடாக் ஒரு காலத்தில் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஷெர்லி என்ற வெள்ளைக்காரப் பெண். வேறு பெண்கள் அந்த இடத்துக்கு வந்த பிறகும் அட்டையின் பெயர் ஷெர்லிதான். அச்சில் தோல் சரியாக வந்திருக்கிறதா என்று அந்த முகத்தை வைத்தே பார்த்தார்கள். பத்தாண்டுகள் பல.

நம் அம்மாக்களின் கல்யாணப் படங்களும் அந்த அளவுகோலின் கீழ் போய் வந்தவையாக இருக்கலாம்.

*

கிருஷ்ணதேவராயருக்கு முகம் இருக்கிறது. திருமலைக் கோயிலில், மகாதுவாரத்தை ஒட்டிய மண்டபத்தில். உயர்ந்த குல்லாய். கூப்பிய கை. இரு பக்கமும் திருமலாதேவியும் சின்னாதேவியும், அவர்களும் கூப்பிய கையோடு.

கல்யாண ஆல்பத்துக்கு முன்னால், இந்த வட்டாரத்துத் தம்பதி உருவம் அது.

1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், அரசரின் முகத்தில் அம்மைத் தழும்புகள் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்.

தரிசன வரிசை நகர்கிறது. சிலையின் கன்னத்தில் தழும்பைத் தேடுகிறேன். வழவழப்பான உலோகம். வரிசை தள்ளுகிறது.

நீக்கியது சிற்பியா, அரசரா, காலமா.

*

மடிக்கணினித் திரையில் ஸ்கின் ஸ்மூத் என்று ஒரு கோடு. அதன் மேல் ஒரு புள்ளி.

மணப்பெண்ணின் இடது புருவத்தருகே சிறு வடு. புள்ளியை வலப்பக்கம் இழுத்தால் வடு மறைகிறது. இடப்பக்கம் இழுத்தால் திரும்ப வருகிறது. மாணவி இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

மின்விசிறி சுற்றுகிறது.

கீழே இன்னொரு கோடு, நிறத்துக்கு. வீட்டார் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் கலராகக் காட்டச் சொல்லி.

பெண்ணும் அதையே கேட்கிறாளா. இன்னும் யாரும் அவளிடம் கேட்கவில்லை.

*

மாணவி பெண்ணுக்குப் போன் செய்கிறாள். ஸ்பீக்கர் இல்லை. இவள் பேசுவது மட்டும் கேட்கிறது.

"வடு இருக்கட்டுமா அக்கா?"

நீண்ட இடைவெளி.

"சின்ன வயசிலயா... சரிக்கா. சரி. கலரும் அப்படியேவா? சரிக்கா."

புள்ளி இடது ஓரத்துக்குப் போகிறது. நிறத்தின் புள்ளி நடுவில் நிற்கிறது.

*

இந்த ஆல்பத்தில் மாணவியின் பெயர் எங்கும் இல்லை. படங்களைப் பார்த்து அவளுடையவை என்று ஒருவர் சொல்ல முடியுமா, தெரியவில்லை. குதிகால் மஞ்சள். வாழை இலையின் பச்சை. முழங்கை. புருவத்தருகே வடு.

சொல்ல முடியாவிட்டாலும், படத்தில் இருப்பது அந்த மணப்பெண்.

*

ஃபைல்கள் சென்னை லேபுக்குப் போகின்றன. நிறத் திருத்தம் அங்கே வழக்கம். வேண்டாம் என்றால் ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். மாணவி எழுதியிருக்கிறாள்.